காலி மனையில் பதுங்கிய ஆள்

அத்தியாயம் 7

"யாரு சார் போன்ல? கடைசி பஸ்ஸை விட்டவர் மாதிரி நிக்கிறீங்க?"

கேட்ட கையோடு கண்டக்டரம்மா மூன்று தும்மல் போட்டாள்.

கோட்டுக்காரர் போனை வைத்தார். "அச்சக முதலாளி. அவர் அக்காவுக்கு நேத்து சாயங்காலம் மறுபடி மூச்சுத் திணறலாம். ராத்திரி பூரா ஆஸ்பத்திரி. இப்பதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"மறுபடியுமா? நர்ஸம்மாவைத்தான் எட்டு நாள் முன்னாடியே விசில் அடிச்சு இறக்கி விட்டுட்டோமே!"

"அதைத்தான் அவரும் கேட்டார். நேத்து மத்தியானம்கூட நான் அங்க இருந்தேன். நன்றி சொல்லணும்னு கூப்பிட்டிருந்தார். டீச்சர் நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க."

"இப்ப என்ன சொன்னீங்க அவருக்கு?"

"விசாரிக்கிறேன்னேன்." அதைச் சொல்லும்போது அவர் கண்டக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடிப்படி ஓரத்து அறைதான் அவர்களுடைய துப்பறியும் அலுவலகம். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அந்த ஆணியில் அவருடைய பழுப்புக் கோட்டு தொங்கும். வெயிலோ மழையோ, அதை மாட்டிக்கொள்ளாமல் அவர் படி இறங்க மாட்டார். துவைப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. ஊரில் அவருக்குப் பெயரே கோட்டு சார்தான், சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் வருமோ என்னவோ. கண்டக்டரம்மா இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். வேலையை விட்டு வந்தபோது வாயையும் விசிலையும் மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். ஒரு மாதமாக அவளுக்கு ஓயாத தும்மல். ஃபைல் தூசி என்று அவரைத் திட்டுவாள். அவருக்கும் ஒரு மாதமாக மணிக்கட்டில் தடிப்பு, அரிப்பு. வாட்ச் வார் மட்டம் என்று அவர் கடைக்காரனைத் திட்டுவார். திட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யாருக்கு யோசிக்கத் தோன்றும்?

விஷயம் இதுதான். முதலாளியின் அக்கா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீட்டில்தான் இருக்கிறார், நாள்பட்ட மூச்சிரைப்புக்காரர். அவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா. அவள் பின்பக்க ஜன்னலைத் திறக்கவே விடமாட்டாள். வருகிறவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்பாள். அக்காவை நம்மிடமிருந்து பிரிக்கிறாளோ என்று சந்தேகப்பட்டு முதலாளி கோட்டுக்காரரிடம் வந்தார்.

கோட்டுக்காரர் களத்தில் இறங்கினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதில் மண்டிக் கிடந்த செடிப் புதருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜன்னலை நோட்டம் விடுவார். பிறகு சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, 'டீச்சரோட பழைய ஸ்டூடண்ட்' என்று சொல்லி உள்ளே நுழைந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். டீச்சருக்கு எத்தனையோ மாணவர்கள். இவர் முகம் ஞாபகம் இல்லை என்று சொல்ல அந்த அம்மாளுக்குக் கூச்சம்.

அப்படிப் போனது ஐந்து தடவை. ஐந்து தடவையும், அவர் வந்துபோன அன்று சாயங்காலமே டீச்சருக்கு மூச்சு முட்டியது. பிடித்தார் பாருங்கள் துப்பை! விருந்தாளி வந்தால் நர்ஸுக்கு ஆகாது. வந்த அன்றெல்லாம் நோயாளிக்கு எதையோ கொடுத்துப் படுக்கவைத்து, 'ஆள் வந்தா டீச்சருக்கு ஒத்துக்காது' என்று வீட்டாரை நம்பவைக்கப் பார்க்கிறாள் என்று நான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். முதலாளி அதை வீட்டு வாசலில், தெருவே கூடி நிற்க, உரக்கப் படித்துவிட்டு அவளை வெளியே போகச் சொன்னார். அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியும் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டது.

அன்று அவள் அழவில்லை, சண்டைக்கும் நிற்கவில்லை. "ஜன்னல்ல கட்டற ஈரத் துணிக்கு மாத்து அலமாரியில இருக்கு. தினம் அலசிக் கட்டுங்க" என்றாள். கேட்டருகே நின்ற 'பழைய ஸ்டூடண்டை' ஒரு பார்வை பார்த்தாள். போய்விட்டாள். அந்தப் பார்வையைக் குற்றவாளியின் திமிர் என்று அன்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இன்று போனை வைத்த நிமிஷத்திலிருந்து அது அவர் முதுகில் ஊர்ந்துகொண்டே இருந்தது.

"சார், ஒருவேளை நாம தப்பான ஆளை..."

"இல்ல." வாயை அடைப்பதற்கென்றே சொன்ன 'இல்ல' அது. "அவளுக்கு ஒரு கூட்டாளி இருக்கான். வெளியிலேர்ந்து வேலை பண்றான். அந்தக் காலி மனைப் பக்கம் விசாரிச்சா ஆள் சிக்கிடுவான். கிளம்பு." ஆணியிலிருந்து கோட்டை எடுத்து உதறி மாட்டினார். கண்டக்டரம்மா இன்னும் இரண்டு தும்மல் போட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் காலி மனையின் மூலை. மூலையில் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை. கடைக்காரர் பஞ்சரான டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே மனை முழுக்க இடுப்பளவு செடி. காரட் இலை மாதிரி இலை, உச்சியில் கொத்துக் கொத்தாய் மிளகளவு வெள்ளைப் பூ. அந்தப் பக்கக் கோடியில் டீச்சர் அறையின் ஜன்னல் தெரிந்தது. இப்போதும் அது மூடித்தான் இருந்தது. நர்ஸம்மா சொன்னதை மீறித் திறக்கக் கூடாது என்று டீச்சர் ஒரே பிடிவாதமாம்.

"ஏங்க, இந்த மனையில சந்தேகப்படற மாதிரி யாரையாவது பாத்தீங்களா?"

"பாக்காம என்ன? ஒருத்தன் மூணு வாரமா வந்து உக்காந்திருந்தானே!" தலையை நிமிர்த்தாமலே சொன்னார் கடைக்காரர்.

கோட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். "பாத்தியா, கூட்டாளி! ஆள் எப்படி இருப்பான்?"

"முகம் யாருக்குத் தெரியும்? செடி மறைச்சுடும். முதுகு மட்டும்தான். பழுப்பு முதுகு. முதல் நாள் யாரோ மாட்டை அவுத்து விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் அது பேப்பரைப் புரட்டுச்சு."

பென்சில் நின்றது. கண்டக்டரம்மா இருமுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"மனுஷன்னு தெரிஞ்சதும், பாவம், வயித்துக் கோளாறு போலன்னு நாங்க யாரும் அந்தப் பக்கமே பாக்கறதில்ல. அந்த மாடி வீட்டம்மா துணி எடுக்கக்கூட மேல வரதை நிறுத்திட்டாங்க. அவங்களுக்குக் கூச்சமா இருக்காதா, சொல்லுங்க? இத்தனைக்கும் நல்லா டீசன்டா கோட்டெல்லாம்..." அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார். கோட்டின் கீழ் விளிம்பிலிருந்து காலர் வரை ஒருமுறை பார்த்தார். டியூப் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"சார்... நீங்களா அது?"

கோட்டுக்காரருக்குக் காது மடல் சுட்டது. 'ஈ காக்கைக்குத் தெரியாமல் கண்காணித்ததில்' என்றுதான் அவருடைய அறிக்கையே ஆரம்பிக்கும். ஈயும் காக்கையும் போகட்டும், தெருவே பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு, அவர் மானத்தைக் காப்பாற்ற முகத்தை வேறு திருப்பிக்கொண்டிருக்கிறது. அப்படியே பூமி பிளந்து தன்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"பரவால்ல விடுங்க சார், எல்லாருக்கும் வரதுதான்," என்றார் கடைக்காரர் இரக்கத்தோடு. "ஆனா இந்தச் செடிக்குள்ள எப்படி சார் உக்காந்தீங்க? இது பார்த்தீனியம் சார். நாங்க எவனும் கிட்டப் போக மாட்டோம். அந்த நர்ஸம்மா இருந்தாங்கல்ல, அவங்க இதை வெட்டச் சொல்லி மனு எழுதி, என்கிட்டகூட..."

கோட்டுக்காரர் கேட்கவில்லை. அந்த இரக்கத்தின் முன்னால் இன்னும் ஒரு நொடி நிற்க முடியாது அவரால். "நான் டீச்சரைப் பாத்து ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரேன்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு, குறுக்கு வழியாகச் செடியை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கொத்துப் பூக்கள் கையிலும் மார்பிலும் உரசின. வெட்கப்பட்ட மனிதனுக்கு எது குறுக்கு வழியோ அதுதான் வழி.

பின் கேட்டைத் தள்ளினார். கொல்லைப்புறம், பாத்திரம் கழுவும் மேடை, சமையலறை, நீண்ட நடை. நடை வளைந்து முடியும் இடத்தில், கொல்லையைப் பார்த்த ஜன்னலோடு டீச்சரின் அறை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் ஒரு சீரில்லாமல் வந்துகொண்டிருந்தது. முதலாளி மருந்துச் சீட்டும் கையுமாகக் கூடத்திலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தேன். உள்ள போங்க, முழிச்சுட்டுதான் இருக்கா."

கோட்டுக்காரர் கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

வீடு அதிர ஒரு விசில்.

"ஹோல்டான்! சார், கையை எடுங்க! கதவைத் திறக்காதீங்க!"

தெருவைச் சுற்றி ஓடிவந்த கண்டக்டரம்மா முன்வாசலில் நின்றாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது, முந்தானை தரையில் புரண்டது. உள்ளே வந்து அவர் சட்டைக் காலரை, இல்லை, கோட்டுக் காலரைப் பிடித்து நடையிலிருந்து கொல்லைப்புறம் வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் தும்மினாள்.

"என்ன இது? பைத்தியமா உனக்கு?"

"உங்க மார்பைக் குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். பை மடிப்பில், பொத்தான் இடுக்கில், கைமடிப்பில் எல்லாம் குட்டிக் குட்டி வெள்ளைப் பூ. துணி முழுக்க மாவு தூவினது போல மெல்லிய தூள்.

"அந்தச் செடியோட மகரந்தம் சார் அது. சைக்கிள் கடைக்காரர் சொன்னார். தோல்ல பட்டா தடிக்குமாம், மூக்குல போனா தும்மலாம். மூச்சிரைப்பு இருக்கறவங்க மூஞ்சியில பட்டா ஆளையே சாய்ச்சுடுமாம். உங்க மணிக்கட்டுல இருக்கறது வாட்ச் வார் பண்ணினது இல்ல. என் மூக்குல இருக்கறது ஃபைல் தூசி இல்ல. உங்க கோட்டு ஆணியில தொங்குது, நான் அதுக்குக் கீழ உக்காந்து ஒரு மாசமா தும்மறேன். டீச்சருக்கு வந்த அஞ்சு தடவையும் நீங்க போன நாள். ஆறாவது நேத்து. நேத்தும் நீங்க போனீங்க. எந்த வழியா?"

"பஸ் ஸ்டாப்லேர்ந்து... குறுக்கே."

"டிக்கெட் சரியா இருக்கு சார். நாமதான் ஆள் மாத்திக் கிழிச்சுட்டோம்." சிரிக்க வேண்டிய இடம். அவளும் சிரிக்கவில்லை.

கோட்டுக்காரர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். தன் அறிக்கை அவருக்கு மனப்பாடம். 'பின்பக்க ஜன்னலை எந்நேரமும் மூடியே வைக்கிறாள். வெளியார் கண்ணில் படக் கூடாத காரியம் உள்ளே நடக்கிறது.' ஐயோ, செடிக்குத்தானே மூடினாள். 'பழைய துணியை நனைத்துக் கட்டி மறைக்கிறாள்.' தூளைத் தடுக்க. 'விருந்தாளி வந்த நாளில்தான் நோயாளிக்கு ஆகாமல் போகிறது.' எவ்வளவு சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்! விருந்தாளி யார் என்பதை மட்டும்தான் எழுதவில்லை. நான்காவது பக்கத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. 'வீட்டுக்கு வருகிறவர்களைக் கை கால் கழுவச் சொல்லி, கோட்டைக் கழற்றச் சொல்லி அவமதிக்கிறாள்.' முதல் நாளே சொன்னாள். வாளியும் சோப்புமாக வாசலில் நின்று சொன்னாள். என்னைப் போய்க் கழுவச் சொல்கிறாளே என்ற கோபத்தில் அவளைத் தள்ளாத குறையாக உள்ளே போனவர் அவர்.

கோட்டைக் கழற்றினார். கண்டக்டரம்மா அதை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து வாயை இறுக்கிக் கட்டினாள். "இதுக்கு ஜாமீன் கிடையாது" என்று முணுமுணுத்தாள்.

முதலாளி பின்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"குற்றவாளி கிடைச்சாச்சுங்க," என்றார் கோட்டுக்காரர். "நான்தான்."

 பிறகு முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நர்ஸம்மா என்கிட்டயும் சொன்னா. செடி ஒத்துக்கலைன்னு. செடி என்ன பண்ணும்னு சிரிச்சேன்." கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தார், பிரித்தார். "தெரியாம நடந்துபோச்சு. அவளைப் பேசாம திரும்பக் கூப்பிட்டு வேலையில வெச்சுக்கலாம். இதை வெளியில சொல்ல வேண்டாம். உங்க தொழிலும் பாழாகும், தெருவுல எனக்கும் தலை காட்ட முடியாது."

கோட்டுக்காரருக்கு ஒரு நொடி அந்த வார்த்தை இதமாக இருந்தது. இருந்தது என்பதுதான் அவரை அதிகமாக வெட்கப்படுத்தியது. கண்டக்டரம்மா பையின் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"தம்பி... அவளை... வாசல்ல வெச்சுதானே... அனுப்பின?"

அவ்வளவுதான். மறுபடி மூச்சு இழுக்கும் சத்தம்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே வாசலில் அதே ஆட்கள் கூடினார்கள். கண்டக்டரம்மா வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கூட்டிவந்திருந்தாள். மாடி வீட்டம்மா வந்திருந்தார். சைக்கிள் கடைக்காரர் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். கோட்டுக்காரரைக் கோட்டு இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. சட்டைக் காலர் பின்னால் கிழிந்திருந்தது. இத்தனை வருஷமும் அதைக் கோட்டுதான் மறைத்துவந்தது. இப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

நர்ஸம்மாவைக் கண்டக்டரம்மாதான் போய்க் கூப்பிட்டாள். என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று தெரியாது. வந்தாள், ஆனால் கேட்டுக்குள் வரவில்லை. தெருவின் எதிர் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதலாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு படி கீழே நின்றார்.

கோட்டுக்காரர் தாளைப் பிரித்தார். புது அறிக்கை, ஒரே பக்கம். 

"போன வாரம் இங்க படிச்ச அறிக்கையை எழுதினவன் நான். அதுல சொன்ன குற்றம் ஒண்ணுகூட நிஜமில்ல. டீச்சரோட மூச்சுக்கு எமனா வந்தது நர்ஸம்மா இல்ல, நான். பின்னாடி மனையில செடிக்குள்ள உக்காந்து, குறுக்கே நடந்து, அந்தத் தூளையெல்லாம் கோட்டுல வாரிக்கிட்டு, ஆறு தடவை அவங்க கட்டில் கிட்ட போய் உக்காந்தேன். நர்ஸம்மா என்னைத் தடுக்கப் பாத்தாங்க. தடுத்ததையே குற்றம்னு எழுதினேன். ஏஜென்சிக்கும் இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. நர்ஸம்மா, நான் பண்ணினது ரொம்பப் பெரிய தப்பு."

மன்னிப்பு என்ற வார்த்தை தாளில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது அதைக் கேட்கிற தைரியம் அவருக்கு வரவில்லை. தாளை மடித்தார். யாரோ கனைத்தார்கள். மாடி வீட்டம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நர்ஸம்மா கையை அவிழ்த்தாள். தெருவைக் கடந்து வந்தாள். அவருக்குப் பக்கத்தில் நிற்காமல், ஏறெடுத்தும் பார்க்காமல், படியேறி உள்ளே போய்விட்டாள். உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்துவிடும் சத்தமும் துணியைப் பிழியும் சத்தமும் கேட்டன. கூட்டம் மெல்லக் கலைந்தது. கோட்டுக்காரர் மட்டும் போகவும் தெரியாமல், இருக்கவும் முடியாமல் வாசலிலேயே நின்றார்.

பத்து நிமிஷம் கழித்து அவள் வெளியே வந்தாள். கையில் வாளி, சோப்பு, ஒரு துண்டு. வாளியை அவர் காலடியில் வைத்தாள்.

"கை கால் மூஞ்சி கழுவிட்டு உள்ள வாங்க. டீச்சர் உங்களைப் பாக்கணுமாம்."

முதல் நாள் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். கோபமும் இல்லை, கனிவும் இல்லை. அவளுக்கு இது வேலை.

கோட்டுக்காரர் குனிந்தார். தெரு பார்க்க, வாளிக்குள் கையை விட்டார். தண்ணீர் சில்லென்றிருந்தது. மணிக்கட்டில் தடித்திருந்த இடம் எரிந்தது.

"சோப்பு போட்டு," என்றாள் நர்ஸம்மா. "முழங்கை வரைக்கும்."